இந்த மாதப் பாடம்: உட்கார்ந்த பிறகு நாடி எவ்வளவு இறங்குகிறது?



சென்ற இதழில் இரத்தசோகை பற்றிப் பார்த்தோம். இந்த இதழில் அதோடு சம்பந்தப்பட்ட இன்னொரு விஷயம். இதற்கு மாத்திரை வேண்டாம், மெஷின் வேண்டாம். இரண்டு விரல், நொடி பார்க்க ஒரு கடிகாரம் அல்லது செல்போன், ஒரு வாசப்படி இருந்தால் போதும்.

குழுக் கூட்டங்களுக்கு வரும்போது நாங்கள் அடிக்கடி கேட்கிற பேச்சு இது: "நெஞ்சு படபடன்னு அடிக்குதுங்க மேடம். கொஞ்ச நேரம் உட்கார்ந்தா சரியாப் போயிருமுங்க." செக்கிங் டேபிளில் நாள் முழுக்க நிற்கிறவரும் சொல்கிறார், அயர்ன் பண்ணுகிறவரும் சொல்கிறார், பீஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுகிறவரும் சொல்கிறார். ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து தண்ணீர்க் குடம் தூக்குகிறவரும் சொல்கிறார். கேட்டால் வேலைக் களைப்பு என்பார்கள். இருக்கலாம். ஆனால் "கொஞ்ச நேரம்" என்றால் எவ்வளவு நேரம்? ஒரு நிமிடமா, பத்து நிமிடமா? அதில்தான் விஷயம் இருக்கிறது. அதை எண்ணிப் பார்க்க முடியும்.

நம் இதயத்துக்கு இரண்டு வகை நரம்புகள் வேலை சொல்கின்றன. ஒன்று வேகத்தைக் கூட்டும், இன்னொன்று வேகத்தைக் குறைக்கும். குறைக்கிற நரம்புக்கு வேகஸ் என்று பெயர். நாம் படி ஏறத் தொடங்கியதும் வேகஸ் தன் பிடியை விடும், இதயம் வேகம் பிடிக்கும். வேலையை நிறுத்தியதும் வேகஸ் மறுபடி பிடிக்க வேண்டும். பவர் டேபிளில் தைக்கிற சகோதரிகளுக்கு இது எளிதாகப் புரியும். மிதியிலிருந்து காலை எடுத்ததும் மிஷின் நிற்க வேண்டும். காலை எடுத்த பிறகும் ஓடிக்கொண்டே இருந்தால் பிரேக் சரியில்லை என்று மெக்கானிக்கைக் கூப்பிடுகிறோம் அல்லவா? நிறுத்திய முதல் ஒரு நிமிடத்தில் நாடி எவ்வளவு இறங்குகிறது என்பது இதயத்தின் பிரேக்கைப் பார்ப்பது மாதிரி.

நாடியை எண்ணுவது

இடது கையை மல்லாத்தி மடியில் வையுங்கள். வலது கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் இடது கைக் கட்டைவிரலுக்கு நேர் கீழே, மணிக்கட்டின் ஓரத்தில் வையுங்கள். லேசாக அழுத்தினால் துடிப்பு தெரியும். பலமாக அழுத்தினால் மறைந்து போகும். கட்டைவிரலை வைத்து எண்ணக் கூடாது. அதற்குள்ளேயே ஒரு துடிப்பு உண்டு, இரண்டும் கலந்து கணக்கு தப்பிவிடும். வளையலும் கடிகாரமும் இறுக்கமாக இருந்தால் மேலே தள்ளிக்கொள்ளுங்கள்.

நம் ஊர் நாட்டு வைத்தியர் மூன்று விரல் வைத்து வாதம், பித்தம், கபம் என்று நாடி பார்ப்பது எல்லோருக்கும் தெரியும். நாம் செய்யப்போவது அது இல்லை. ஒரு நிமிடத்துக்கு எத்தனை தடவை துடிக்கிறது என்ற கணக்கு மட்டும்தான். இங்கிலாந்தில் ஜான் ஃப்ளோயர் என்ற டாக்டர் இந்தக் கணக்குக்காகவே ஒரு நிமிடம் ஓடி நிற்கிற கடிகாரம் ஒன்றைச் செய்ய வைத்து, 1707-இல் அது பற்றிப் புத்தகமும் எழுதினார். இப்போது நம் ஒவ்வொருவர் செல்போனிலும் ஸ்டாப் வாட்ச் இருக்கிறது.

முதலில் சும்மா இருக்கும்போது உள்ள நாடியைப் பாருங்கள். காலையில், காபி டீ குடிப்பதற்கு முன்பு, 5 நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகு 30 நொடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். பெரியவர்களுக்கு 60 முதல் 100 வரை இருப்பது வழக்கம். சும்மா இருக்கும்போதே தினமும் 100-க்கு மேல் இருந்தாலோ, துடிப்பு ஒழுங்கில்லாமல் விட்டு விட்டு வந்தாலோ இந்தப் பாடத்தை இதோடு நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். படி ஏறிப் பார்க்க வேண்டியதில்லை.

வாசப்படிப் பரிசோதனை

யார் செய்யக் கூடாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். கர்ப்பிணிகள், பிரசவம் அல்லது ஆபரேஷன் ஆகிச் சில மாதங்களே ஆனவர்கள், நெஞ்சுவலி அல்லது மயக்கம் வருகிறவர்கள், இதய நோய் உள்ளவர்கள், பிரஷர் கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள், அன்றைக்குக் காய்ச்சல் உள்ளவர்கள், முட்டிவலிக்காரர்கள் செய்ய வேண்டாம். சின்ன வயதில் காய்ச்சலும் மூட்டுவீக்கமும் வந்து, இதய வால்வு பாதிப்பு என்று டாக்டர் சொல்லியிருந்தால் கட்டாயம் வேண்டாம்.

மற்றவர்கள் இரண்டு இரண்டு பேராகச் செய்யுங்கள். ஒருவர் படி ஏற, இன்னொருவர் நேரமும் நாடியும் பார்க்க வேண்டும். வலது கால் மேலே, இடது கால் மேலே, வலது கால் கீழே, இடது கால் கீழே. இது ஒரு தடவை. 3 நொடிக்கு ஒரு தடவை என்று நிதானமாக, நிமிடத்துக்கு 20 தடவை வீதம் 3 நிமிடம் ஏறி இறங்குங்கள். பக்கத்தில் சுவரோ தூணோ இருப்பது நல்லது. சேலையைச் சற்றுத் தூக்கிச் செருகிக்கொள்ளுங்கள், தடுக்கி விழுவது நாடியை விடப் பெரிய தொந்தரவு. பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினாலோ, தலை சுற்றினாலோ, நெஞ்சை அடைத்தாலோ உடனே நிறுத்துங்கள். "மூணு நிமிஷம் முடிச்சே ஆகணும்" என்று போட்டி போட இது விளையாட்டுப் போட்டி இல்லை.

3 நிமிடம் முடிந்ததும் உடனே நாற்காலியில் உட்கார வேண்டும். உட்கார்ந்த கையோடு தோழி 15 நொடி எண்ணி நான்கால் பெருக்க வேண்டும். அது முதல் எண். நிறுத்தி சரியாக ஒரு நிமிடம் ஆனதும் மறுபடி 15 நொடி எண்ணி நான்கால் பெருக்க வேண்டும். அது இரண்டாம் எண். முதலிலிருந்து இரண்டாவதைக் கழியுங்கள். நடுவில் பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது. எங்கள் பயிற்சிகளில் கஷ்டமான பகுதி இதுதான்.

ஒருவருக்கு முதல் 15 நொடியில் 31, ஒரு நிமிடம் கழித்து 24 என்று வைத்துக்கொள்வோம். 124-லிருந்து 96 ஆகிறது. இறக்கம் 28. இன்னொருவருக்கு 33-ம் 31-ம் வந்தால் 132-லிருந்து 124. இறக்கம் 8 மட்டுமே. 15 நொடியில் ஒரு துடிப்பு தப்பினால் கணக்கில் 4 தப்பும். அதனால் ஒரே நாளில் முடிவு கட்ட வேண்டாம். வேறு வேறு நாளில் மூன்று தடவை பாருங்கள். எப்போதும் அதே படி, அதே வேகம். ஒரு நாள் திண்ணைப் படியிலும் இன்னொரு நாள் கோயில் படியிலும் ஏறினால் இரண்டையும் ஒப்பிட முடியாது.

எத்தனை இறங்க வேண்டும்?

எல்லோரும் இதைத்தான் கேட்பார்கள். அமெரிக்காவில் கிளீவ்லேண்ட் கிளினிக் என்ற மருத்துவமனையில் 2,428 பேரை ஓடும் பட்டை மேல் நடக்க வைத்து, நிறுத்திய பிறகு ஒரு நிமிடத்தில் நாடி எவ்வளவு இறங்கியது என்று பார்த்தார்கள். பிறகு சராசரியாக 6 வருடம் அவர்கள் என்ன ஆனார்கள் என்று கவனித்தார்கள். ஆய்வு 1999-இல் வெளிவந்தது. 12 அல்லது அதற்குக் குறைவாக இறங்கியவர்கள் நான்கில் ஒருவர் இருந்தார்கள். வயது, மற்ற நோய்கள் எல்லாவற்றையும் கணக்கில் கழித்த பிறகும், மற்றவர்களைவிட இவர்களிடையே மரணம் ஏறக்குறைய இரண்டு மடங்காக இருந்தது.

இந்த 12-ஐ அப்படியே நம் வாசப்படிக்குக் கொண்டுவர முடியாது. அங்கே உடம்பால் முடிந்த மட்டும் நடக்க வைத்தார்கள், நிறுத்திய பிறகும் மெதுவாக நடக்க விட்டார்கள். சேர்ந்தவர்களில் ஆண்களே அதிகம், சராசரி வயது 57. நாம் 3 நிமிடம் ஏறி உடனே உட்காருகிறோம். சிலருக்கு நாடி 100-ஐக் கூடத் தொடாது. 96-லிருந்து 88-க்கு வந்தால் இறக்கம் 8 தான், ஆனால் அதில் பயப்பட ஒன்றுமில்லை. கவலைப்பட வேண்டியது நாடி நன்றாக ஏறி, பிறகு இறங்காமல் நிற்பதைப் பார்த்துத்தான். மேலே சொன்ன 132-லிருந்து 124 மாதிரி மூன்று நாளும் வந்தால் அது டாக்டரிடம் சொல்ல வேண்டிய செய்தி.

இந்த எண் நோயின் பெயரைச் சொல்லாது. "இங்கே பார்க்கணும்" என்று கை காட்டும், அவ்வளவுதான். நம் பக்கத்தில் முதலில் சந்தேகப்பட வேண்டியது இரத்தசோகை. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருந்தது. பாதிக்கு மேல். இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கிற சரக்கு குறைந்தால் இதயம் அதிக டிரிப் அடிக்க வேண்டும். நாடி சீக்கிரம் ஏறும், லேசில் இறங்காது. கர்ப்பிணி அல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் குறையக் கூடாது, கர்ப்பிணிக்கு 11-க்கு. தைராய்டு, சர்க்கரை, தூக்கமின்மை, இதயத்திலேயே கோளாறு என்று வேறு காரணங்களும் உண்டு. பிரஷருக்கு அடினலால், மெட்டோபிரலால் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு மாத்திரையே நாடியைக் குறைத்து வைத்திருக்கும். அவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. கணக்குக்காக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போய் பிரஷரும் சுகரும் பார்க்கிற வேலைக்கு நம்மைப் போன்ற சுய உதவிக் குழுப் பெண்களே வந்தார்கள். பிரஷர் மெஷினில் கடைசியாக வரும் எண் நாடித்துடிப்பு. பல பேர் மேலே உள்ள இரண்டு எண்ணை மட்டும் எழுதிக்கொண்டு இதை விட்டுவிடுகிறார்கள். அதையும் எழுதி வையுங்கள். ஆனால் ஒரு நிமிட இறக்கம் பார்க்க அந்த மெஷின் உதவாது. அது பட்டையை ஊதி முடிப்பதற்குள் பாதி நிமிடம் போய்விடும். இதில் விரல்தான் மெஷினை விட வேகம்.

டீ டைமில் மூன்று நிமிடம்

வேலை செய்கிற இடத்திலும் இதைப் பார்க்கலாம். எங்களுக்கு இந்தப் பகுதிதான் முக்கியமாகப் படுகிறது.

பெல்ஜியத்தில் பிறந்து அமெரிக்காவின் ஹார்வர்டில் வேலை பார்த்த லூசியன் பிரூஹா என்ற ஆராய்ச்சியாளர் 1943-இல் பெஞ்ச் மேல் ஏறி இறங்கும் பரிசோதனை ஒன்றை வெளியிட்டார். ஆண்களுக்காகச் செய்தது, 20 அங்குல உயரம், நிமிடத்துக்கு 30 தடவை. நமக்கு அது வேண்டவே வேண்டாம். ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. பிறகு தொழிற்சாலைகளுக்குள் போனார். சூட்டில் வேலை செய்கிறவர்கள் வேலையை நிறுத்தி உட்கார்ந்ததும் அவர்கள் நாடி எப்படி இறங்குகிறது என்று எண்ணினார். 1960-இல் இதைப் புத்தகமாகவும் எழுதினார். இறங்கவில்லை என்றால் ஆளை மட்டும் பார்க்காமல் வேலையையும் பார்க்க வேண்டும் என்பது அந்த முறை.

அதை நாம் இப்படிச் செய்யலாம். டீ பெல் அடித்ததும் கேன்டீனுக்கு நடக்காமல் இருந்த இடத்திலேயே உட்காருங்கள். ஸ்டாப் வாட்சைத் தட்டுங்கள். முதல் அரை நிமிடம் விட்டுவிட்டு, அடுத்த அரை நிமிடம் நாடியை எண்ணி இரண்டால் பெருக்குங்கள். இது ஒரு நிமிட எண். பிறகு இரண்டரை நிமிடத்திலிருந்து மூன்று நிமிடம் வரை எண்ணி இரண்டால் பெருக்குங்கள். இது மூன்று நிமிட எண். ஒரு நிமிட எண் 110-ஐத் தாண்டாமல், மூன்று நிமிடத்துக்குள் குறைந்தது 10 இறங்கி, 90-க்குக் கீழே வந்துவிட்டால் உடம்பு வேலையைத் தாங்குகிறது. மூன்று நிமிடம் ஆகியும் 90-க்கு மேலேயே நின்று, 10 கூட இறங்கவில்லை என்றால் வேலையோ சூடோ அளவுக்கு மீறிப் போகிறது. 112 இருந்தது 104-க்குத்தான் வந்தது என்றால் அது இந்த வகை.

"டீ ஆறிப் போயிருமே அக்கா" என்று ஒரு குழுவில் கேட்டார்கள். நியாயம்தான். வாரத்தில் ஒரு நாள் ஆறட்டும்.

ஒரே அயர்ன் டேபிளில் ஒரே அளவு பீஸ் போட்டாலும் மார்கழியில் வரும் எண்ணும் சித்திரையில் வரும் எண்ணும் வேறாக இருக்கும். சூட்டில் உடம்பைக் குளிர வைக்க இதயம் தோலுக்கு அதிக இரத்தம் அனுப்ப வேண்டியிருக்கிறது. வேர்வையில் தண்ணீர் போகப் போக இரத்த அளவும் குறைகிறது. குறைந்த இரத்தத்தை வைத்து அதிக வேலை, அதனால் வேகம். இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். பாத்ரூம் போக வேண்டி வரும், கேட்டுக்கொண்டு போக வேண்டும், சுத்தமாக இருக்காது என்று காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வேலை பார்க்கிற சகோதரிகள் நிறையப் பேர் உண்டு. நீர்க்கடுப்பு வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். இதயத்துக்கும் அது சுமை என்பது பலருக்குத் தெரியாது. தண்ணீர் குடித்த நாளும் குடிக்காத நாளும் எண்ணிப் பாருங்கள், உங்களுக்கே தெரியும்.

ஒரு எச்சரிக்கை. ஒருவருடைய எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு சூப்பர்வைசரிடம் போகாதீர்கள். "இந்தம்மாவுக்கு உடம்பு முடியலை" என்று வேலையை விட்டு நிறுத்துவது எளிது, ஃபேன் மாட்டுவது கஷ்டம். ஒரே செக்ஷனில் வேலை செய்கிற பத்துப் பேரில் ஒருவருக்கு மட்டும் இறங்கவில்லை என்றால் அவர் டாக்டரைப் பார்க்க வேண்டும். ஏழெட்டுப் பேருக்கு இறங்கவில்லை என்றால் பார்க்க வேண்டியது அந்த இடத்தை. காற்று வருகிறதா, குடிதண்ணீர் பக்கத்தில் இருக்கிறதா, அயர்னில் நிற்கிறவரை மதியத்துக்கு மேல் மடிக்கிற வேலைக்கு மாற்ற முடியுமா என்று அப்போது சேர்ந்து பேசலாம். அப்போதும் பெயர் போடாமல் எண்களை மட்டும் காட்டுங்கள்.

குழுவுக்குள்ளும் அப்படித்தான். உள்கடன் கொடுக்கும்போது "இவளுக்கு நெஞ்சு படபடப்பு, எப்படித் திருப்பிக் கட்டுவா" என்று யாரும் பேசுவதற்கு இது இடம் கொடுக்கக் கூடாது. தீர்மானப் புத்தகத்தில் எழுத வேண்டாம். அவரவர் எண்ணை அவரவர் சேமிப்புப் பாஸ்புக்கின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

"நாள் பூரா வேலை செய்யறமே, அதே உடற்பயிற்சிதானே?"

இல்லைங்க. டென்மார்க்கில் ஆன்ட்ரியாஸ் ஹோல்டர்மன் என்ற ஆராய்ச்சியாளரும் அவரோடு வேலை செய்தவர்களும் இதைப் பல வருடமாக ஆராய்ந்திருக்கிறார்கள். ஓய்வு நேரத்தில் செய்கிற உடற்பயிற்சி இதயத்துக்குத் தருகிற நன்மையை வேலையில் செய்கிற உழைப்பு தருவதில்லை என்பது அவர்கள் கருத்து. காரணம் யோசித்தால் புரியும். செக்கிங் டேபிளில் பத்து மணி நேரம் நிற்கிறோம், ஆனால் நடப்பதில்லை. ஒரே தசை இறுகி நிற்கிறது, காலில் இரத்தம் தேங்குகிறது, ஓய்வு போதவில்லை. இதயத்துக்குப் பயிற்சி என்பது கொஞ்ச நேரம் வேகமாக ஓடி, பிறகு நன்றாக ஓய்வெடுப்பது.

வாரத்தில் 5 நாள், 30 நிமிடம், பேச முடியும் ஆனால் பாட முடியாது என்கிற வேகத்தில் நடந்தால் போதும். சேர்ந்தாற்போல முடியாவிட்டால் பத்துப் பத்து நிமிடமாக நடங்கள். வீட்டு வேலையும் கம்பெனி வேலையும் முடித்து இதற்கு எங்கே நேரம் என்று கேட்பீர்கள். நாலு பேர் சேர்ந்தால் நேரம் கிடைக்கிறது. கம்பெனி வேன் வரும் இடத்துக்குப் போகும்போது ஒரு ஸ்டாப் தள்ளி நடந்து போய் ஏறுகிற குழு ஒன்று இருக்கிறது. இரண்டு மூன்று மாதம் விடாமல் நடந்துவிட்டு வாசப்படிப் பரிசோதனையை மறுபடி செய்யுங்கள். பலருக்கு முதல் எண்ணே குறைந்திருக்கும், இறக்கம் கூடியிருக்கும்.

அந்தக் குழுவில் அயர்ன் வேலை செய்கிற ஒரு சகோதரிக்கு மட்டும் மாறவில்லை. மூன்று மாதம் நடந்தும் இறக்கம் 8-ஐத் தாண்டவே இல்லை. "எனக்கு வயசாயிருச்சு கண்ணு" என்றார். வயது 38. குழுவே சேர்ந்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனது. ஹீமோகுளோபின் 7.6. மாதவிலக்கில் அதிகம் போவதை இரண்டு வருடமாக யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார். இப்போது அதற்கும் சேர்த்து சிகிச்சை நடக்கிறது. இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்கிக்கொண்டிருந்தார், டீ அந்தச் சத்தைச் சேர விடாது என்று நர்ஸ் சொன்ன பிறகு நிறுத்தினார்.

நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வேர்த்துக் கொட்டுதல், மயக்கம் வந்தால் நாடி எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். 108-க்குப் போன் செய்யுங்கள். பெண்களுக்குச் சில சமயம் வலியே இல்லாமல் மூச்சுத் திணறலும் குமட்டலும் மட்டும் வரலாம்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஊக்குநர்கள் நொடி முள் உள்ள கடிகாரம் ஒன்று கொண்டு வாருங்கள். சேமிப்பு வசூல் முடிந்த பிறகு கால் மணி நேரம் ஒதுக்கினால் இரண்டு இரண்டு பேராக நாடி எண்ணப் பழகிவிடலாம். முதல் கூட்டத்தில் படி ஏற வேண்டாம், உட்கார்ந்த நாடி மட்டும் போதும். கடந்த ஆறு மாதத்தில் யாராவது ஹீமோகுளோபின் பார்த்திருந்தால் அந்தச் சீட்டையும் எடுத்து வாருங்கள்.